பித்தம் என்று எழுதிக்கொள்ளுங்கள்

காகிதத்தில் ஒன்பது கேள்விகள்.
கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள்:
ஒருநாளும் இல்லை, சில நாள்,
பாதிக்கு மேல், அநேகமாகத் தினமும்.
நான் ஸ்பானிய மொழியில் வாசிக்கிறேன்.
வாசிக்கத்தான் எனக்குச் சம்பளம்.

ஓதீலியா பராசா
அநேகமாக எல்லாவற்றுக்கும் இல்லை என்கிறாள்.
எதிலும் நாட்டமில்லையா?
நாட்டத்துக்கு யாருக்கு நேரம், சீமாட்டி.
நம்பிக்கை இழந்தது போல?
கடவுள் இருக்கிறார்.
மொத்தம் இரண்டு.
இரண்டு என்றால் நலம்.
நலமாயிருப்பவள்
கைப்பையின் வாரை ஆள்காட்டி விரலில் சுற்றி
நுனி வெளுக்கும்வரை இறுக்குகிறாள்.

போன தடவை, அக்டோபரில்,
எனக்கு நரம்பு என்றாள். நெர்வியோஸ்.
ஆங்கிலத்திலும் நரம்பு என்றே சொன்னேன்.
டாக்டர் லின்ட்க்விஸ்ட் நல்ல மனிதர்.
காலுறையைக் கழற்றச் சொல்லி
இசைக்கவையை முழங்கையில் தட்டி
அவள் பெருவிரலில் வைத்தார்.
அதிர்வு தெரிகிறதா?
தெரிகிறது.
நரம்பு நன்றாகவே இருக்கிறது, போய் வாருங்கள்.
சொல்லுக்குச் சொல் சரி, என் மொழிபெயர்ப்பு.
அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.
(மூன்றாம் கேள்வி: சில நாள்.)

ஜனவரியில் மிரேயா வேலைக்கு வந்தாள்.
நடைக்கோடியில் மனநலம் என்றொரு கதவு இருந்தது.
அதன் எதிரே நின்றால்
இறைச்சி ஆலையின் பாதி ஊர் பார்த்துவிடும்.
பலகையைக் கழற்றினாள்.
ரத்த அழுத்தம் பார்க்கும் அறையிலேயே
தனக்கொரு நாற்காலி போட்டுக்கொண்டாள்.

இன்று அவள் காகிதத்தைக் கவிழ்த்து வைக்கிறாள்.
பின்பக்கம் வெறுமை.
உடம்பு எப்போதிலிருந்து இப்படி?

நவம்பர், என்கிறாள் ஓதீலியா.
யோசிக்கவே இல்லை.
பக்கத்து மேடையில் நின்றவனின் கை
சங்கிலியோடு போனது.
பதினொரு நிமிடம் நிறுத்தினார்கள்.
குழாயால் கழுவினார்கள்.
பிறகு மாட்டுத் தொடைகள் வழக்கம்போல் வந்தன,
நானும் வழக்கம்போல் அறுத்தேன்.
கத்தியிருக்க வேண்டும்.
விழுங்கிவிட்டேன்.
விழுங்கியது பித்தமாய்க் கொட்டிவிட்டது உள்ளே.
காலையில் வாயெல்லாம் கசப்பு.
அதோடு சூஸ்தோ, பயந்த கோளாறு:
அதிர்ந்த இடத்திலேயே உயிர் தங்கிவிட
உடம்பு மட்டும் வேன் ஏறி வீடு வந்துவிட்டது.

லின்ட்க்விஸ்ட் மடிக்கணினியோடு நுழைகிறார்.
என்ன சொல்கிறாள்?
கூட்டாமல் குறைக்காமல் சொல் என்பது விதி.
பித்தம் என்று எழுதிக்கொள்ளுங்கள், என்கிறேன்.
அவர் விரல்கள் விசைகளுக்கு மேலே நிற்கின்றன.
அந்தச் சொல்லுக்கு அதில் கட்டம் கிடையாது.
கணினியை மூடுகிறார்.
பதினாறு வருடத்தில் முதல்முறை கேட்கிறார்:
அது எங்கே இருக்கிறது?
மார்புக்கும் தொப்புளுக்கும் நடுவே
அவள் உள்ளங்கையை வைக்கிறாள்.
அவரும், அனிச்சையாய்,
தன் சட்டைப் பொத்தானுக்குக் கீழே.

கதை இங்கே முடிந்தால் நன்றாயிருக்கும்.

மாத்திரை பைத்தியங்களுக்கானது என்கிறாள்.
இல்லை என்று மிரேயா சொல்வதை
அவள் நம்பவில்லை, முகம் சொல்கிறது.
வாரம் ஒருமுறை வந்து பேசுவதா?
செவ்வாய் போனால் செவ்வாய்க் கூலி போகும்.
வியாழன், ஷிஃப்ட் முடிந்து, ஏழு மணி?
ஏழு மணிக்குப் பூட்டிவிடுவார்களே.
சாவி என்னிடம் இருக்கிறது, என்கிறாள் மிரேயா.
(இருக்கவில்லை. பிறகு சண்டை போட்டு வாங்கினாள்.)

நசாரியோவிடம் நீங்களே சொல்லுங்கள், என்னால் முடியாது.

அவன் வெளியே டிரக்கில்,
ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டு.
கான்சஸ் காற்று கோட்டைப் பிடித்து இழுக்கிறது.
கண்ணாடியைத் தட்டுகிறேன்.
இரண்டு விரல் அளவு இறக்குகிறான்.
என்னவாம் அவளுக்கு? நரம்புதானே?

ஆமாம், நரம்பு, என்கிறேன்.
இந்த முறை யாருக்காகவும் மொழிபெயர்க்கவில்லை.

கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி இருந்தான்.
பிறகு எஞ்சினை அணைத்தான்.